அப்பாவுக்கு ஸ்டெம் செல் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாரா?

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு வயது 63. பதினான்கு வருடமாகச் சர்க்கரை. நான்கு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை குளிர்காய்ச்சல் வந்தது, சிறுநீர் போகும்போது எரிகிறது என்றார். மெடிக்கலில் காய்ச்சல் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். புதன் ராத்திரி சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார், தூக்கக் கலக்கம் என்று நினைத்துவிட்டோம். வியாழன் காலை எழுப்பினால் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிபி 70தான் இருக்கிறது, ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது, செப்சிஸ் என்றார்கள். ஒன்பது நாள் ஐசியுவில் வைத்து டயாலிசிஸ் செய்தும் போய்விட்டார். நான்காவது நாள் தெரிந்தவர் மூலம் ஒருவர் வந்து, ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டெம் செல்லும் சேர்த்து ஏற்றினால் செப்சிஸ் சரியாகிவிடும், வெளிநாட்டில் நிரூபித்துவிட்டார்கள், ஆறு லட்சம் ஆகும் என்றார். அண்ணன் வேண்டாம் என்றுவிட்டான். பதினாறாம் நாள் காரியத்தில் சித்தப்பா எல்லோர் முன்னாலும் "பணத்தைப் பார்த்துட்டீங்க, ஆளைப் பார்க்கலை" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை. அந்தச் சிகிச்சை உண்மையா? ஏற்றியிருந்தால் அப்பா இருந்திருப்பாரா? இன்னொன்று, அண்ணிக்கு இது ஏழாம் மாதம். தொப்புள்கொடி ஸ்டெம் செல்லைச் சேமித்து வைத்தால் குடும்பத்தில் யாருக்கு இப்படி வந்தாலும் உதவும் என்று ஒரு கம்பெனிக்காரர் வீட்டுக்கு வந்து போகிறார். அம்மாவுக்கும் சர்க்கரை இருக்கிறது. என்ன செய்வது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

முதலில் இதை உங்கள் அண்ணனிடம் படித்துக் காட்டுங்கள், மீதியை அப்புறம் பார்க்கலாம். அன்று அவர் வேண்டாம் என்று சொன்னது சரியான முடிவு. பணத்தை யோசித்துச் சொல்லியிருந்தாலும் சரி, பயத்தில் சொல்லியிருந்தாலும் சரி, மருத்துவமாகப் பார்த்தால் அதுதான் சரி. அந்த ஆறு லட்சத்தைக் கட்டியிருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்று சொல்ல இன்றைக்கு உலகத்தில் எந்த மருத்துவரிடமும் ஆதாரம் கிடையாது. பதினேழு வருடமாக ஐசியுவில் வேலை பார்க்கிறேன். அந்தக் கட்டிலில் என் அப்பா கிடந்திருந்தாலும் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் உங்களிடம் பேசியவர் ஒன்றுமே இல்லாததைச் சொல்லவில்லை. உண்மையான ஓர் ஆராய்ச்சியின் நுனியைப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறார், அதனால்தான் அது இத்தனை மாதம் கழித்தும் உங்கள் மனதைக் குடைகிறது. சும்மா "எல்லாம் ஏமாற்று, மறந்துவிடுங்கள்" என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நாளைக்கே யாராவது ஒரு கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், திரும்பவும் ராத்திரித் தூக்கம் போகும். அதனால் விவரமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

"ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது" என்று நாங்கள் அவசரத்தில் வெளியே வந்து சொல்வது பாதிதான் சரி. நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன், ஐசியு வாசலில் நிற்கிறவர்களுக்கு அதற்கு மேல் விளக்க அந்த நேரத்தில் வாய் வருவதில்லை. 2016ல் உலக நிபுணர்கள் கூடி வகுத்த வரையறைப்படி, தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நிலை தவறிப்போய் சொந்த உறுப்புகளைச் சேதப்படுத்தி உயிருக்கு ஆபத்தாகும் நிலைதான் செப்சிஸ். ரத்தத்தை கல்ச்சருக்கு அனுப்பினால் பல பேருக்கு அதில் கிருமியே வளராது, ஆனாலும் செப்சிஸ் இருக்கும். ரத்தக்குழாய்கள் தளர்ந்துபோகும், அவற்றின் சுவரிலிருந்து நீர் கசியும், பிபி இறங்கும், மயிரிழை போன்ற நுண்குழாய்களில் ரத்தம் உறையும், சிறுநீர் குறையும், மூளை கலங்கும். உங்கள் அப்பாவின் போர்வையை யாராவது விலக்கிக் காட்டியிருந்தால், முழங்காலைச் சுற்றி மீன்வலை போர்த்தியதுபோல ஊதா நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்திருக்கலாம். தோலுக்கு ரத்தம் போகவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம், நாங்கள் ரவுண்ட்ஸ் போகும்போது மானிட்டரைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்ப்போம்.

ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. கிருமி செத்த பிறகும் உடம்பில் மூண்ட தீ தானாக அணையாது. அந்தத் தீயை அணைக்க ஒரு மருந்து வேண்டும் என்று முப்பது நாற்பது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அந்தத் தேடலில் வந்து நிற்கிற ஒன்றுதான் இந்த ஸ்டெம் செல்.

உங்களிடம் பேசியவர் "வெளிநாட்டில் நிரூபித்தது" என்று சொன்னது எதுவென்று எனக்குத் தெரியாது, ஆனால் இந்தப் பேச்சில் அடிக்கடி அடிபடுகிற ஒன்று 2015ல் சிலி நாட்டில் இருந்து வந்த ஆய்வு. மாதவிடாய் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மீசன்கைமல் என்ற வகை ஸ்டெம் செல்களை ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்கு? எலிகளுக்கு. எலியின் வயிற்றைத் திறந்து, பெருங்குடலின் ஆரம்பத்தில் பை போல இருக்கும் பகுதியை நூலால் கட்டி, அதில் ஊசியால் துளை போட்டுவிட்டு, வயிற்றைத் தைத்துவிடுவார்கள். மலம் வயிற்றுக்குள் கசிந்து செப்சிஸ் வரும். ஒன்றுமே கொடுக்காத எலிகளில் நூற்றுக்கு 6 பிழைத்தன. ஸ்டெம் செல் மட்டும் கொடுத்ததில் 48. ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்ததில் 73. இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் 95.

நல்ல ஆய்வு, நான் மரியாதையோடுதான் சொல்கிறேன். ஆனால் அந்த நான்கு எண்களையும் இன்னொரு தடவை பாருங்கள். ஆறிலிருந்து எழுபத்து மூன்றுக்குத் தூக்கிவிட்டது எது? நம்மூர் ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் இருக்கிற ஆன்டிபயாட்டிக்தான். செல்லை மட்டும் தனியாகக் கொடுத்தால் அதைவிடக் குறைவுதான். விற்க வருகிறவர்கள் 95ஐ மட்டும் சொல்வார்கள், அதற்கு முந்தைய 73ஐச் சொல்ல மாட்டார்கள், எலி என்பதையும் சொல்ல மாட்டார்கள்.

இந்தச் செல்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது, ஏனென்றால் இங்கேதான் நம் மக்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள். ஸ்டெம் செல் என்றால் உள்ளே போய்ப் புதுச் சிறுநீரகமாகவும் புது நுரையீரலாகவும் முளைக்கும், விதை போல, என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இந்த வகைச் செல்கள் அப்படிச் செய்வதில்லை. நரம்பில் ஏற்றினால் பெரும்பாலானவை நுரையீரலின் நுண்குழாய்களிலேயே சிக்கிக்கொண்டு ஓரிரு நாளில் அழிந்துபோகின்றன. போவதற்குள் சில வேதிப்பொருட்களைச் சுரக்கின்றன, சுற்றியிருக்கும் செல்களுக்குத் தகவல் சொல்கின்றன. 2009ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் எலியில் இதைக் காட்டினார்கள். செல்கள் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களைத் தொட்டு, இன்டர்லூகின்-10 என்ற தீயணைக்கும் பொருளை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. அடுத்த வருடம் இன்னொரு குழு, இதே செல்கள் எல்எல்-37 என்ற புரதத்தைச் சுரந்து நேரடியாகக் கிருமியையும் கொல்கின்றன என்று கண்டுபிடித்தது. பொதுவாக எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால் கிருமி வளர்ந்துவிடும் என்கிற பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு. இது தீயையும் அணைக்கிறது, கிருமியையும் கொல்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் வந்தது. 1991ல் இந்தச் செல்களுக்கு மீசன்கைமல் ஸ்டெம் செல் என்று பெயர் வைத்த ஆர்னால்ட் கேப்லனே 2017ல், இவை உறுப்பாக வளர்வதில்லை, மருந்தைச் சுரந்து தகவல் சொல்வதுதான் இவற்றின் வேலை, ஸ்டெம் செல் என்ற பெயரை மாற்றிவிடுங்கள் என்று எழுதினார். பெயர் மாறவில்லை, அந்தப் பெயரை வைத்துத்தான் இன்றும் வியாபாரம் நடக்கிறது.

சரி, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். கனடாவின் ஒட்டாவாவில் நடந்த முதல் கட்டப் பரிசோதனை 2018ல் வெளிவந்தது. செப்சிஸ் முற்றி பிபி விழுந்துவிடும் செப்டிக் ஷாக் நிலையில் இருந்த 9 பேருக்கு, ஆமாம் ஒன்பதே பேருக்கு, வேறொருவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை மூன்று அளவுகளில் கொடுத்தார்கள். அதிகபட்சம் உடல் எடையில் கிலோவுக்கு 30 லட்சம் செல்கள். அவர்கள் கேட்ட கேள்வி, "இது குணமாக்குமா?" என்பதே இல்லை. "இதைக் கொடுத்தால் ஆபத்து வராமல் இருக்குமா?" என்பதுதான். உடனடி ஆபத்து எதுவும் தெரியவில்லை என்று பதில் கிடைத்தது. அதற்கு அடுத்த கட்டமாகத்தான் தொப்புள்கொடியிலிருந்து எடுத்த செல்களை வைத்து இரண்டாம் கட்டப் பரிசோதனையைத் திட்டமிட்டார்கள். ஐரோப்பாவில் கடுமையான நிமோனியா நோயாளிகளுக்குக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கொடுத்தார்கள், அதிலும் பாதுகாப்பாக இருந்தது என்பதோடு சரி, பெரிய பலன் தென்படவில்லை.

அமெரிக்காவில் நடந்து 2019ல் வந்த இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. செப்சிஸால் அடிக்கடி வருகிற ஏஆர்டிஎஸ் என்ற நுரையீரல் செயலிழப்புக்கு ஆனது அது. 60 பேர். 40 பேருக்குச் செல், 20 பேருக்கு வெறும் திரவம். 28 நாளில் செல் ஏற்றியவர்களில் 12 பேர் இறந்தார்கள், ஏற்றாதவர்களில் 3 பேர். செல்லால்தான் இறந்தார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை, அந்தப் பக்கம் போனவர்கள் ஆரம்பத்திலேயே கொஞ்சம் மோசமான நிலையில் இருந்தார்கள், இத்தனை சிறிய எண்ணிக்கையில் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். ஆனால் பலன் இருந்தது என்று சொல்ல வழியே இல்லை. இதில் இன்னொரு விஷயம் வெளிவந்தது. இந்தச் செல்களை உறைநிலையில் பையில் வைத்திருப்பார்கள், நோயாளிக்குக் கொடுக்கும் அன்று உருக்கிக் கழுவி எடுக்க வேண்டும். அப்படி எடுத்தபோது சில பைகளில் 85 சதவீதம் செல்கள் உயிரோடு இருந்தன, சில பைகளில் 36 சதவீதம்தான். உலகத்தின் தலைசிறந்த மையங்களிலேயே இந்த நிலை. ஆறு லட்சத்துக்கு உங்களுக்குத் தருவதாகச் சொன்ன பையில் என்ன இருந்திருக்கும், எத்தனை உயிரோடு இருந்திருக்கும், யார் எண்ணிப் பார்த்திருப்பார்கள்?

எலியில் ஜெயித்தது மனிதனில் ஏன் தடுமாறுகிறது என்று கேட்பீர்கள். ஆய்வுக்கூட எலி இளம் எலி, சர்க்கரை கிடையாது, ஒரே வம்சம், எந்த மணிக்குத் தொற்று ஆரம்பித்தது என்பது நிமிடக் கணக்கில் தெரியும். உங்கள் அப்பாவுக்கு 63 வயது, பதினான்கு வருடச் சர்க்கரை, தொற்று ஆரம்பித்து இரண்டு நாள் கழித்து வந்தார். அதோடு செப்சிஸ் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. ஒருவருக்கு எதிர்ப்புச் சக்தி கொதித்துக்கொண்டிருக்கும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு அது முழுசாகச் சோர்ந்து படுத்துவிட்டிருக்கும், நான்காம் ஐந்தாம் நாளில் இந்த இரண்டாவது வகையாகவும் இருக்கலாம். இருவருக்கும் ஒரே மருந்தை ஊற்றினால் ஒருவருக்கு நல்லது நடக்கலாம், மற்றவருக்குக் கெட்டது நடக்கலாம்.

இதை நாங்கள் ஒருமுறை அனுபவித்துப் பாடம் படித்தவர்கள். 2001ல் ஜைக்ரிஸ் என்று ஒரு மருந்து வந்தது. எலியில் இல்லை, மனிதர்களிலேயே பெரிய பரிசோதனை நடத்தி, இறப்பு 30.8 சதவீதத்திலிருந்து 24.7 ஆகக் குறைகிறது என்று காட்டி, அமெரிக்க அரசின் அனுமதியும் வாங்கி வந்த மருந்து. செப்சிஸுக்கென்றே அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான், என்னை விட மூத்தவர்கள் அதைப் பற்றி எத்தனை நம்பிக்கையோடு பேசினார்கள் என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பத்து வருடம் கழித்து சுமார் 1,700 பேரிடம் திரும்பவும் சரிபார்த்தபோது மருந்து போட்டவர்களில் 26.4 சதவீதம் பேர் இறந்தார்கள், போடாதவர்களில் 24.2. 2011 அக்டோபரில் கம்பெனியே அதை உலகம் முழுவதும் சந்தையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. அத்தனை பெரிய பரிசோதனையைத் தாண்டி வந்த மருந்துக்கே அந்தக் கதி என்றால், ஒன்பது பேரையும் எலிகளையும் வைத்து ஒரு குடும்பத்திடம் ஆறு லட்சம் கேட்பது எந்த நியாயத்தில் சேர்த்தி?

சட்டத்திலும் அது செல்லாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைதான் ஏற்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை. அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே ரத்தக்குழாய் அடைக்கும் ஒரு நோய்க்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் ஒரு தயாரிப்பு அனுமதி பெற்றது. செப்சிஸுக்கு எதுவும் கிடையாது. செப்சிஸுக்கு ஒருவர் இதைக் கொடுக்கிறார் என்றால் அது பதிவு செய்யப்பட்ட பரிசோதனையாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் பதிவு எண் இருக்கும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், உங்களுக்குப் புரியும் மொழியில் எழுதிய ஒப்புதல் படிவம் இருக்கும், பரிசோதனையால் தீங்கு வந்தால் இழப்பீடு உண்டு, பரிசோதிக்கும் செல்லுக்கு உங்களிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. உங்களிடம் வந்தவர் இதில் ஒன்றையாவது காட்டினாரா? நாளைக்கு யாராவது இதையெல்லாம் காட்டி, காசு கேட்காமல், முறையான பரிசோதனையில் சேர்கிறீர்களா என்று கேட்டால் தயங்காமல் யோசியுங்கள், நானே சேரச் சொல்வேன். இந்த ஆராய்ச்சி ஜெயிக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

இனி கஷ்டமான பகுதி. அப்பா பிழைத்திருப்பாரா என்று கேட்டீர்கள். ஸ்டெம் செல்லால் இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் நடுவே போன நேரம் திரும்பக் கிடைத்திருந்தால் வாய்ப்பு கூடியிருக்கும், இதை மறைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை. 2006ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், பிபி இறங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் சரியான ஆன்டிபயாட்டிக் கிடைத்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் பிழைத்தார்கள். முதல் ஆறு மணி நேரத்தில் தாமதமான ஒவ்வொரு மணிக்கும் பிழைப்பவர்கள் சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தார்கள். புதன் ராத்திரி அவர் சம்பந்தமில்லாமல் பேசியது தூக்கக் கலக்கம் இல்லை. செப்சிஸ் மூளையைக் கலக்க ஆரம்பித்த நேரம் அது.

இதைப் படித்துவிட்டு உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பதினான்கு வருடம் சர்க்கரைக்கு மருந்து எழுதிக் கொடுத்த எங்களில் ஒருவராவது, "உங்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் அது வேறு மாதிரி போகும், குளிர்நடுக்கம் வந்தால் அன்றைக்கே வாருங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தவறு எங்கள் பக்கம். நான் பயிற்சியில் இருந்தபோது ஓர் ஆஸ்பத்திரியில் இதே மாதிரி ஓர் அம்மா வந்தார், சர்க்கரை, குளிர், பிபி 80. முதலில் ஸ்கேன் எடுத்துவிட்டு வரட்டும் என்று அனுப்பினோம். ஸ்கேன் அறை வாசலில் வரிசை. ஆன்டிபயாட்டிக் குப்பி கலக்கப்படாமல் நர்ஸ் மேசை மேலேயே மூன்று மணி நேரம் இருந்தது, அந்த வெள்ளைப் பொடி அடியில் படிந்திருந்தது கண்ணில் நிற்கிறது. அந்த அம்மா பிழைக்கவில்லை. படித்த நாங்களே நின்றுகொண்டு அந்த மூன்று மணி நேரத்தை விட்டோம், வீட்டில் இருந்த நீங்கள் எப்படிக் கண்டுபிடித்திருப்பீர்கள்? 2017ல் மட்டும் உலகத்தில் 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ் வந்தது, 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள், அந்த வருடத்தில் இறந்த ஐந்து பேரில் ஒருவர். அவ்வளவு பெரிய நோய்க்கு நம்மூர்ப் பேச்சில் சரியான பெயர்கூடக் கிடையாது.

ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்து என்ன கொடுத்தால் உயிர் பிழைக்கும் என்ற கேள்விக்கு இன்றைக்கே பதில் இருக்கிறது, அது யாரும் வந்து விற்காத பதில். கிருமி இருக்கும் இடத்தைக் காலி செய்வதுதான் அது. சிறுநீரகக் குழாயில் கல் அடைத்து அதற்கு மேலே சீழ் கட்டியிருந்தால் எத்தனை விலை உயர்ந்த மருந்து ஏற்றினாலும் உள்ளே போய்ச் சேராது, ஒரு சின்ன ஸ்டென்ட் வைத்தோ விலாப்பக்கம் குழாய் போட்டோ சீழை வெளியே விட வேண்டும். பானையை வடிக்கிற மாதிரிதான். வடித்த அன்றே காய்ச்சல் இறங்கி, பிபி மருந்து பாதியாகக் குறைந்த நோயாளிகளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அப்புறம் ஆன்டிபயாட்டிக் போடுவதற்கு முன்பே எடுக்க வேண்டிய ரத்த, சிறுநீர் கல்ச்சர், முதல் மூன்று மணி நேரத்தில் எடைக்கு ஏற்ற அளவு டிரிப்ஸ், அதற்கும் பிபி நிற்கவில்லை என்றால் பிபியை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து. மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக்கை முன்பே இரண்டு நாள் விழுங்கியிருந்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் போய்விடும், எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று தெரியாமல் நாங்கள் இருட்டில் கை விட வேண்டியிருக்கும், தயவு செய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

தொப்புள்கொடி விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனிகள் முக்கியமாகச் சேமிப்பது தொப்புள்கொடி ரத்தத்தை. அதில் பெரும்பாலும் இருப்பது ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல், செப்சிஸ் ஆராய்ச்சியில் பேசப்படும் செல் வேறு வகை, அது கொடியின் சதைப்பகுதியில் இருப்பது. சில கம்பெனிகள் கொடியையும் சேர்த்து வைக்கிறோம் என்பார்கள். வைத்தாலும், அந்த ஆராய்ச்சிகள் எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் தானமாகக் கொடுத்ததை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, எண்ணி, பல பேருக்குத் தயாராக வைத்திருந்துதான் கொடுக்கிறார்கள். மணிக்கணக்கில் உயிர் போகிற நோய்க்கு, உறைந்து கிடக்கும் சொந்தக் கொடியை எடுத்து, வாரக்கணக்கில் வளர்த்து, ஐசியுவுக்குக் கொண்டுவர முடியுமா? பின்னாளில் தனக்கே பயன்படும் என்று சேமித்து வைப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று நான் மேலே சொன்ன 2017 வழிகாட்டு நெறிகளிலேயே எழுதியிருக்கிறது. வீட்டில் தலசீமியா, ரத்தப் புற்றுநோய் என்று யாருக்காவது இருந்தால் அது தனிக் கணக்கு, ரத்தநோய் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை அண்ணியின் பிரசவத்துக்கும் அம்மாவின் சர்க்கரைக்கும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறந்ததும் கொடியை உடனே வெட்டாமல் குறைந்தது ஒரு நிமிடம் பொறுத்து வெட்டும்படி மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள், அந்த ரத்தம் அன்றைக்கே குழந்தைக்குள் போகும், ரத்தசோகை குறையும்.

அம்மாவுக்கு. ஒரு தெர்மாமீட்டரும் ஒரு பிபி பார்க்கும் கருவியும் வீட்டில் வாங்கி வையுங்கள். மாதாமாதம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவின் பெயர் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் சேர்த்துக்கொள்வார்கள், வருகிறவரிடம் பிபியையும் சர்க்கரையையும் பார்த்து எழுதச் சொல்லுங்கள். தினமும் படுக்கும் முன் அம்மாவின் பாதத்தை, விரல் இடுக்கு உட்பட, வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள். வயதானவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் செப்சிஸில் காய்ச்சலே இல்லாமலும் இருக்கலாம், உடம்பு சில்லென்றுகூட ஆகலாம், அதனால் காய்ச்சலை மட்டும் நம்பி உட்காராதீர்கள். உடம்பு தூக்கிப்போடும்படி குளிர்நடுக்கம், வேக வேகமாக மூச்சு, திடீர்க் குழப்பம் அல்லது வழக்கத்துக்கு மாறான தூக்கம், காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை என்பது, தோலில் ஊதாத் திட்டு, மேல் பிபி 100க்குக் கீழே இறங்குவது, இவற்றில் ஒன்று தொற்றோடு சேர்ந்து வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஐசியு வசதி இருக்கும் இடத்துக்கே நேராகப் போங்கள், நடுவில் சின்ன கிளினிக்கில் ஒரு டிரிப்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்று நிறுத்தாதீர்கள். உள்ளே போனதும் வாயைத் திறந்து, "இது செப்சிஸாக இருக்குமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். எந்த நல்ல மருத்துவரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், அந்த ஒரு கேள்விக்குப் பிறகு வேகம் கூடும்.

சித்தப்பாவிடம் சண்டை போட வேண்டாம். அவரும் அண்ணனைப் பறிகொடுத்தவர். அப்பாவின் கேஸ் ஷீட்டையும் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்த ஐசியு மருத்துவரிடம் நேரம் கேட்டு, அண்ணனும் சித்தப்பாவும் சேர்ந்தே போய் உட்காரட்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கியது, சிறுநீரகத்தில் சீழ் இருந்ததா, நாலாவது நாள் உடம்பு எந்த நிலையில் இருந்தது என்று எல்லாவற்றையும் கேட்கட்டும். நான்கு மாதம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டியதில்லை, என்னிடம் ஒன்றரை வருடம் கழித்து வந்து கேட்ட குடும்பம் உண்டு, ஃபைலை எடுத்து வைத்து ஒரு மணி நேரம் பேசினோம். போகும்போது அண்ணன் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.